குழாயில் இருப்பது யார்? – 'ஆன் டேப்' என்னும் ஆங்கிலத் தொடரை முன்வைத்து

நான் செய்த ஒரு மொழிபெயர்ப்புத் தவறிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். சில வருஷங்களுக்கு முன், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் மத்தியில் வேலை செய்யும் நண்பர்கள் ஓர் ஆங்கில விளம்பரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்காக அடித்த தாள் அது. நாலு பக்கம். தொழிலாளர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டத் தமிழில் வேண்டும் என்றார்கள். ஒரு ராத்திரியில் முடித்துவிட்டேன். 'உங்களுக்கு வேண்டிய ஆட்கள் எப்போதும் ஆன் டேப்' என்று ஒரு வரி. யோசிக்கவே இல்லை, 'எந்நேரமும் தயார் நிலையில் ஆட்கள்' என்று எழுதிப் போட்டேன்.

கூட்டத்தில் வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். "தம்பி, தயாரா இருக்கோம்னு போட்டிருக்கீங்க. தயாரா இருக்குறதுக்குக் காசு உண்டுன்னு அதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை. அந்தத் தாளில் மட்டுமல்ல, அந்த ஆங்கிலத் தொடருக்குள்ளேயே அதற்கு இடமில்லை என்பது வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டிய பிறகுதான் உறைத்தது. இந்தக் கட்டுரை அந்த அக்காவின் கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாக எழுதப்படும் பதில்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். 'ஆன் டேப்' என்றால் நேர்ப்பொருளில், புட்டியில் அடைக்காமல் பீப்பாயிலிருந்து அப்போதைக்கப்போது பிடித்துக் கொடுக்கப்படும் பியர். அதிலிருந்து எது வேண்டுமானாலும் கைநீட்டினால் கிடைக்கும் என்ற பொருள். தகவல் ஆன் டேப், கடன் ஆன் டேப், நர்ஸ்கள் ஆன் டேப். பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரங்களில்கூட 'டேப் ஸ்டாக்' என்று ஒரு வகை இருந்தது. மொத்தமாக ஏலம் விடாமல், சந்தை கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவது. இந்த எல்லாப் பயன்பாட்டிலும் ஒரே உடல் அசைவுதான் அடியில் கிடக்கிறது: ஒரு கை திருகுகிறது, ஒன்று வழிகிறது. திருகும் கைக்கு உரியவர்தான் வாக்கியத்தின் எழுவாய். வழிவது எங்கிருந்து வந்தது, அதுவரை அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

தமிழில் இதை அப்படியே 'குழாயில்' என்று வைக்கவும் முடியாது. எங்கள் தெருவில் குழாய் என்றால் உடனே கிடைப்பதின் குறி அல்ல, காத்திருப்பதின் குறி. 'தண்ணி வந்துருச்சா?' என்று கேட்போமே தவிர 'தண்ணி இருக்கா?' என்று குழாயைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வருவது, வந்தால் உண்டு. ஆக, ஒரே குறிப்பான் இரண்டு ஊரில் நேரெதிரான குறிப்பீடுகளைச் சுமக்கிறது. இது ஏதோ பண்பாட்டு வித்தியாசம் என்று சொல்லித் தாண்டிப் போய்விடலாம். ஆனால் லண்டன் குழாயும் ரொம்பக் காலம் எங்கள் தெருக் குழாயாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேர்ச்சொல்லில்தான் எனக்கு முதல் அதிர்ச்சி. பழைய ஆங்கிலத்தில் 'டேப்பா' என்ற சொல் இருந்தது. ஜெர்மனில் 'ட்ஸாப்ஃபென்', டச்சில் 'டாப்'. எல்லாம் ஒரே குடும்பம். அதற்குப் பொருள் திறப்பது அல்ல, அடைப்பது. பீப்பாயில் போட்ட ஓட்டையை மூட அடித்து வைக்கும் மரமுளை, அடைப்பான். பெண்கள் பயன்படுத்தும் 'டாம்பன்' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக இதே ஜெர்மானியக் கிளையிலிருந்து போனதுதான். அதாவது, இன்று தடையற்ற வரத்துக்குப் பெயராக இருக்கும் சொல், பிறக்கும்போது தடைக்குப் பெயர். இதை ஒரு சுவாரசியமான துணுக்காக விட்டுவிட எனக்கு மனசில்லை. 'உடனே கிடைக்கும்' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது தானாக வெளியே போக முடியாதபடி முதலில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆற்றை 'ஆன் டேப்' என்று யாரும் சொல்வதில்லை. அடைப்பு இல்லாத இடத்தில் இந்தத் தொடருக்கு வேலை இல்லை.

பீப்பாயின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பழைய பாணிச் சாராயக்கடைகளில் பீப்பாயைப் படுக்கை வாட்டில் ஒரு தாங்கியின் மேல் கிடத்துவார்கள். வண்டல் அடியில் படியும் வரை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். அப்புறம் முகப்பில் இருக்கும் மரத்தக்கையில் குழாயை வைத்து மரச் சுத்தியலால் ஒரே அடி. மேலே இருக்கும் துளையில் சின்ன மரமுளை ஒன்று. காற்று போவதையும் வருவதையும் அதுதான் கட்டுப்படுத்தும். குழாய் இறங்கி, பிடிக்கப் பிடிக்க உள்ளே காற்று புகும். அன்றிலிருந்து பியர் கெட ஆரம்பிக்கிறது. சில நாட்களே தாங்கும். ஆன் டேப் ஆன கணம்தான் சாவின் தொடக்கமும். 'எந்நேரமும்' என்ற என் மொழிபெயர்ப்பு எவ்வளவு அபத்தம் என்று இந்த இடத்தில்தான் தெரிந்தது.

பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுப்பவருக்கு 'டேப்ஸ்டர்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் 'டேப்பெஸ்ட்ரெ'. அந்த விகுதி பெண்பால் விகுதி. ஆணாக இருந்தால் 'டேப்பெரெ'. நூற்கும் பெண் ஸ்பின்ஸ்டர், வடிக்கும் பெண் ப்ரூஸ்டர். விகுதி பிற்பாடு பால் இழந்தது. 'டேப்ஸ்டர்' ஆணுக்கும் ஆகிவந்தது. ப்ரூஸ்டர் வெறும் குடும்பப் பெயராய் மிஞ்சியது. ஸ்பின்ஸ்டர் மட்டும் பெண்பாலிலேயே தங்கி, கல்யாணம் ஆகாதவள் என்ற வசையாகிப் போனது. தொழில் ஆணுக்குப் போனால் சொல்லும் போகிறது, வசை மட்டும் பெண்ணிடம் நிற்கிறது. நம்மூர் உதாரணம் தேட வாசகர்களுக்கு என் உதவி தேவையில்லை.

இந்தக் கைமாற்றத்தை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியான தன் புத்தகத்தில் 1300 முதல் 1600 வரையிலான காலத்துக்கு விரிவாகக் காட்டியிருக்கிறார். தொடக்கத்தில் ஏல் வடிப்பது வீட்டுப் பெண்களின் உபதொழில். ஹாப்ஸ் பூ சேராத ஏல் சீக்கிரம் புளித்துவிடும், எனவே அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக வடித்து அக்கம்பக்கத்தில் விற்றாக வேண்டும். சேர்த்து வைக்கவும் முடியாது, வெகுதூரம் அனுப்பவும் முடியாது. ஹாப்ஸ் சேர்த்த பியர் வந்ததும் கதை மாறுகிறது. அது பல வாரம் தாங்கும். தாங்கும் என்றால் பெரிய கொப்பரை, நிறையப் பீப்பாய்கள், கிடங்கு, கடன், சங்கம். இவற்றில் எதையும் கணவன் பெயரில்லாமல் வைத்துக்கொள்ள முடியாத பெண்கள் மெல்ல வெளியேறினார்கள். சேமித்து வைக்க முடிகிறவன்தான் உடனே கொடுக்கவும் முடியும். 'உடனடி' என்பது ஒரு வேகம் அல்ல, ஒரு சேமிப்பு. அதனால் ஒரு சொத்து.

1797இல் ஜோசப் பிராமா பியர் இறைக்கும் பம்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கண்முன் கிடந்த பீப்பாய், இது பரவப் பரவ, நிலவறைக்குள் இறங்கிவிட்டது. மேலே மிஞ்சியது ஒரு கைப்பிடி. கீழே பீப்பாய் உருட்டும் ஆள், இறக்கும் ஆள், வண்டல் கழுவும் ஆள் எல்லாரும் தரைக்கு அடியில். ஒரு தொடர் உருவகமாகத் தனித்து நடமாடுவதற்கு இப்படி ஒரு நிலவறை தேவைப்படுகிறது போலும்.

இனி தண்ணீர். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தண்ணீர் தனியார் கம்பெனிகள் கையில் இருந்தது. நகரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு விற்றார்கள். ஏழைகள் இருந்த சந்துகளில் பல வீட்டுக்கு ஒரே தெருக்குழாய், வாரத்தில் சில நாட்கள், ஒன்றிரண்டு மணி நேரம். வாளி, தொட்டி, சண்டை. தொட்டி கட்ட வசதியிருந்தவர்களுக்கு மட்டும் தண்ணீர் 'இருந்தது'. 1852 சட்டமும் 1871 சட்டமும் இடையறாத வழங்கலைப் பேசின. ஆனாலும் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்கூட கிழக்கு லண்டன் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்தது. எட்டுக் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டு பொது வாரியம் அமைக்க 1902இல்தான் சட்டம் வந்தது.

இடையில் 1854. காலரா. மருத்துவர் ஜான் ஸ்நோ தெற்கு லண்டனில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளுக்குள் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் போயிருந்தன. லாம்பெத் கம்பெனி தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852இலேயே ஆற்றில் மேலே, சாக்கடை கலக்காத பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி மாற்றவில்லை. முதல் ஏழு வாரத்தில் பத்தாயிரம் வீட்டுக்கு லாம்பெத் வீடுகளில் 37 சாவு, மற்றதில் 315. குடித்தவர்களில் பலருக்குத் தங்கள் குழாய் எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியாது. திருகினால் வந்தது, குடித்தார்கள். கிடைப்பது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசும் மொழி, எங்கிருந்து என்ற கேள்வியை எவ்வளவு லேசாக விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே லண்டனில், அதே நூற்றாண்டில், ஆட்களும் குழாயில் இருந்தார்கள். துறைமுக வாசல்களில் விடியற்காலையில் ஆண்கள் கூடுவார்கள். சங்கிலிக்கோ கம்பிக்கோ அந்தப் பக்கம் நின்று மேஸ்திரி பேர் கூப்பிடுவான். இதற்குப் பெயர் 'கால் ஆன்'. கூப்பிட்டவன் உள்ளே, மற்றவன் அடுத்த கூப்பாடு வரைக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். கப்பல் காற்றையும் கடல்மட்டத்தையும் பார்த்து வருவது. சரக்கு வந்த நேரத்துக்கு ஆள் வேண்டும், வராத நேரத்துக்கு வேண்டாம். இரண்டு மணி நேரம் வேலை கொடுத்துவிட்டு அனுப்பிவிடலாம். 1889 ஆகஸ்ட் 14இல் வெடித்த வேலைநிறுத்தம், அதன் தலைவர்களுள் ஒருவரான பென் டில்லட் பேரோடு நினைவில் இருப்பது, மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டதற்காகத்தான் பிரசித்தம். ஆனால் கோரிக்கைகளில் இன்னும் இரண்டு இருந்தன: கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி நேரம் வேலை தர வேண்டும், ஒரு நாளில் கூப்பிடும் தடவையைக் குறைக்க வேண்டும். இரண்டுமே கூலியின் அளவைப் பற்றியவை அல்ல, காத்திருப்பைப் பற்றியவை. தொழிற்சங்க வரலாறுகள் ஆறு பென்ஸுக்குக் கொடுக்கும் இடத்தை இவற்றுக்குக் கொடுப்பதில்லை என்பது என் குறை.

காத்திருப்புக்கு விலை வந்தது மெதுவாகத்தான். 1947இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்தது. பதிவு பெற்ற தொழிலாளி காலையில் ஆஜராகி, வேலை இல்லையென்றாலும், வந்ததற்கு ஒரு தொகை உண்டு. வருகைப் பணம் என்று சொல்லலாம். பின்வரிசை அக்கா கேட்டது இதைத்தான். ஒரு காலத்தில், ஓர் இடத்தில், தயாராக இருப்பதற்குக் காசு இருந்திருக்கிறது.

அந்தத் திட்டம் 1989இல் தாட்சர் அரசால் ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் தண்ணீர் தனியாருக்கு விற்கப்பட்டதும் அதே 1989இல்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் தண்ணீர்க் குழாயும் ஆள் குழாயும் ஒரே திசையில் திருகப்பட்டதைத் தற்செயல் என்று விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. பணம் கட்டாத வீட்டுக்குத் தண்ணீரை வெட்டுவது சட்டப்படி நிறுத்தப்பட 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே இரண்டு ஜெர்மானியர்களை அழைக்க வேண்டும். மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதல் தொகுதியில் தொழில்துறைச் சேமப்படை பற்றி எழுதும்போது, அதை மிதக்கும், மறைந்திருக்கும், தேங்கிய என்று மூன்றாகப் பிரிக்கிறார். மிதக்கும் என்று நாம் மொழிபெயர்ப்பது மூலத்தில் ஓடும், திரவமான என்ற சொல். தேங்கிய என்பதும் நீரின் சொல்தான். உபரி மக்கள்தொகையை அவர் ஏன் தண்ணீராகப் பார்த்தார்? மூலதனம் அவர்களை அப்படித்தான் பார்க்கிறது என்பதால். திறந்துவிடவும் மூடவும் தோதான ஒன்றாக. 'படை' என்ற பாதி உருவகத்தைப் பிடித்துக்கொண்ட நம் மார்க்சியர்கள் 'தேக்கம்' என்ற மறுபாதியைப் பொதுவாகக் கவனிப்பதில்லை.

இன்னொருவர் ஹைடெகர். 1953இல் தொழில்நுட்பம் பற்றி ஆற்றிய உரையில், நவீனத் தொழில்நுட்பத்தின் கீழ் எல்லாமே 'கையிருப்பு' ஆகிவிடுகிறது என்கிறார். எதுவும் தன்னளவில் நிற்பதில்லை, மேலும் ஏவப்படுவதற்காக உடனடியாகக் கையருகே நிற்கிறது. ரைன் நதி, மின் நிலையத்துக்கான நீரழுத்தமாக. ஆன் டேப் என்பதற்கு இதைவிட ஆழமான தத்துவ விளக்கம் கிடையாது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். ஒப்புக்கொள்கிறேன், பாதியளவுக்கு. காட்டுப் பணியாளர் ஒருவரும் அந்த உரையில் வருகிறார்தான். ஆனால் ஏவுகிறவன் யார் என்ற இடத்தில் ஹைடெகர் மனிதன் என்று பொதுப்பட வைத்துவிட்டு, அதற்கும் மேலே ஊழ் மாதிரி ஒன்றை வைக்கிறார். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த ஒரு பேராசிரியருக்கு அந்தப் பொதுமை சௌகரியமாக இருந்திருக்கும். துறைமுக வாசலில் மேஸ்திரிக்கு ஒரு முகம் இருந்தது, பேர் இருந்தது. கூலி கேட்டவர்கள் ஊழோடு பேச்சுவார்த்தை நடத்தவில்லை.

'டேப்' நம் பக்கமும் வந்திருக்கிறது, மலாயா வழியாக. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளின் நாற்றுகள் அடுத்த வருஷமே சிங்கப்பூர் வந்தன. அங்கே தாவரத் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில், மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். இதற்கு ஆங்கிலத்தில் 'டேப்பிங்'. மரம் பீப்பாயாகிவிட்டது. செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்கள் வைத்த சொல் வேறு: பால்மரம் வெட்டுவது, சீவுவது. பனையேறியை ஆங்கிலம் 'டாடி டேப்பர்' என்கிறது. தமிழ் பாளை சீவுவது, கள் இறக்குவது என்கிறது. ஆங்கிலச் சொல் வழிவதைப் பார்க்கிறது. தமிழ்ச் சொல் கத்தி பிடித்த கையை, ஏறி இறங்கும் உடம்பைப் பார்க்கிறது. இதை வைத்துத் தமிழின் மேன்மை என்று யாரும் மேடை போட்டுவிடக் கூடாது. செய்கிறவர்கள் சொன்னதால் வந்த வித்தியாசம், அவ்வளவுதான். சீவிய இடத்தில் பால் உறைந்து காயத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. அடுத்த வெட்டில் அந்த அடைப்பை மறுபடி சீவியெடுக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள்.

தோட்டங்களில் விடியற்காலையில் ஆள் கூடும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர், இலங்கை மலையகத்திலும் அப்படியே. மலையகத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்றே சொல்வார்கள். பேர் போட்டால் கூலி, பாதி நாளைக்கு அரைப்பேர். லண்டன் துறைமுக வாசலில் பேர் கூப்பிட்டதும் இதுவும் ஒன்றுதான். கூப்பிடாத பேருக்கு விலை இல்லை. நாட்கூலி ஆனதால், மழையில் வெட்டு நின்றால் கூலியும் பெரும்பாலும் நின்றது.

நம்மைப் போல எழுதுகிறவர்களுக்காக ஒரு கிளைக்கதை. 'நிபுணர்கள் ஆன் டேப் இருக்க வேண்டும், ஆன் டாப் இருக்கக் கூடாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. சர்ச்சில் சொன்னதாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவர் பேரோடு ஒட்டுவதற்கு முன்பே, அயர்லாந்தின் கவிஞர் ஜார்ஜ் வில்லியம் ரஸல் தான் ஆசிரியராக இருந்த கூட்டுறவு இயக்கப் பத்திரிகையில் இதை எழுதியிருக்கிறார். ரஸல் வாயில் அது விவசாயிகள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்த வேண்டும் என்ற வாதம். பிரதமர் வாயில் அதே வாக்கியம், கேட்டால் மட்டும் பேசு என்ற உத்தரவு. இயக்கங்களுக்குள் மொழிபெயர்ப்பாளனும் பெரும்பாலும் ஆன் டேப்தான். ராத்திரி தாளைக் கொடுத்து விடிவதற்குள் கேட்பார்கள். நான் புகார் சொல்லவில்லை. அந்த அவசரத்தில்தான் 'தயார் நிலையில்' என்று எழுதினேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பிரிட்டனில் இப்போது 'ஜீரோ அவர்' ஒப்பந்தங்கள். உறுதியான மணிக்கணக்கு எதுவும் இல்லாமல் கூப்பிட்டால் போகும் வேலை. சமீப வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் அதில் இருந்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 19இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. லண்டன் ஓட்டுநர் செயலியைத் திறந்து, உரிமம் பெற்ற எல்லைக்குள், சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்ற கீழ் மன்றத்தின் முடிவை அது உறுதி செய்தது. தயாராக இருப்பது வேலை. நீதிமன்ற மொழியில் இது வந்தது பெரிய விஷயம்தான். அடுத்த மாதமே நிறுவனம் குறைந்தபட்சக் கூலி தருவதாக அறிவித்தது, சவாரியை ஏற்றுக்கொண்ட பிறகான நேரத்துக்கு மட்டும். குழாயைத் திருகிய பிறகான தண்ணீருக்கு மட்டும், என்று வாசிக்கலாம்.

அந்த விளம்பரத் தாளின் தமிழைப் பிற்பாடு துண்டுப்பிரசுரமாகப் போட்டபோது என் வரியை மாற்றினேன். 'கூலியில்லாமல் காத்திருக்க வைக்கப்பட்டுள்ள ஆட்கள், நீங்கள் கூப்பிட்டவுடன் வருவார்கள்' என்று. இது மொழிபெயர்ப்பே அல்ல, விளக்கவுரை என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க எனக்கு என்ன உரிமை என்றார். அவர் கேள்வி சரிதான், இன்னும் எங்களுக்குள் அது முடியவில்லை. அந்த அக்காவிடம் புது வரியைக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வருவார்கள்னு ஏன் போட்டீங்க? நாங்க வர்றதும் வராததும் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை அச்சுக்கு முன் அடித்துவிட்டு, 'வர வேண்டும் என்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன்.